கெஸ்ட் ரூம் யாருக்கு?

ஃபிளாட் வாங்கியவர்கள், புது வீடு கட்டியவர்கள் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது ஒரு கதவைத் திறந்து, "இது கெஸ்ட் ரூம்" என்பார்கள். சொல்லும்போதே முகத்தில் ஒரு பெருமை. உள்ளே பிளாஸ்டிக் கவர் பிரிக்காத மெத்தை, துணி காயப்போடும் ட்ரெட்மில், பரணில் கொலு பொம்மைப் பெட்டி. காட்டி முடித்ததும் லைட்டை அணைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதே வீட்டுப் பாட்டி ஹாலில் பாய் விரித்துப் படுப்பார். சீரியல் எல்லாம் முடிந்து டிவியை அணைத்தால்தான் அவருக்குத் தூக்கம்.

இதற்குப் பெயர் விருந்தோம்பலா? நான் பார்த்த கெஸ்ட் ரூம்களில் முக்கால்வாசி, பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பதற்காகவே கட்டப்பட்டவை.

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். 10க்கு 10 அறை என்றால் 100 சதுர அடி. சதுர அடி 6000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 6 லட்சம். வீட்டுக் கடன் வட்டி 8.5 சதவீதம் என்றால், வருஷத்துக்கு வட்டி மட்டும் 51,000 ரூபாய். விருந்தாளி வருஷத்தில் 10 ராத்திரி தங்கினால் (அதுவே அதிகம்), ஒரு ராத்திரிக்கு 5,100 ரூபாய். அந்தக் காசுக்கு நல்ல ஹோட்டலில் காலை இட்லியோடு ரூம் கிடைக்கும் :-)

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 37 சதவீதக் குடும்பங்களுக்கு இருந்தது ஒரே ஒரு அறை. அந்த வீடுகளுக்கெல்லாம் யாரும் வராமலா இருந்தார்கள்? வந்தார்கள், சாப்பிட்டார்கள், இடித்துப் பிடித்துக்கொண்டு தூங்கினார்கள்.

"விருந்தோம்பல் தமிழன் பண்பாடு, அதற்குத் தனி அறை வேண்டாமா?" என்று ஒரு கோஷ்டி வரும். பண்பாட்டையே பார்ப்போம். 'விருந்து' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை. விருந்தினர் என்றால் புதிதாக வந்தவர், முன்பின் தெரியாதவர். இல்வாழ்க்கை அதிகாரத்தில் யாரையெல்லாம் பேண வேண்டும் என்று அடுக்கும்போது வள்ளுவர் விருந்தைத் தனியாகவும் சுற்றத்தைத் தனியாகவும்தான் வைக்கிறார். நாமோ சொந்தக்காரர்களுக்கு மட்டும் அறை ஒதுக்கிவிட்டு, தெரியாதவர் தண்ணீர் கேட்டால் கிரில் கேட்டுக்கு வெளியே நிறுத்துகிறோம்.

முதலாழ்வார்கள் மூவரும் சந்தித்த கதை பலருக்கும் தெரிந்திருக்கும். திருக்கோவலூரில் மழை இரவு, ஒரு வீட்டு இடைகழி. ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். முதலில் வந்தவர் "ஹவுஸ்ஃபுல்" என்று சொல்லவில்லை, எழுந்து உட்கார்ந்தார். அடுத்தவர் வந்ததும் இருவரும் எழுந்து நின்றார்கள். இடம் சதுர அடியில் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை.

உடனே திண்ணைப் பெருமை பாட நான் தயாரில்லை. வழிப்போக்கர் கேட்காமலே படுத்துத் தூங்கிய திண்ணை நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லாச் சாதியினரும் எல்லாத் திண்ணையிலும் உட்கார முடிந்ததா? அந்தப் பட்டியல் இன்று கெஸ்ட் ரூமுக்குள் குடிவந்திருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வரும் மாமாவுக்கு ஏசி அறை. ஊரிலிருந்து மஞ்சள் பையோடு ஆஸ்பத்திரிக்கு வரும் பெரியப்பாவுக்கு ஹாலில் பாய். உண்மையில் கட்டில் யாருக்குத் தேவை? முட்டி வலியோடு தரையிலிருந்து எழ முடியாத பெரியப்பாவுக்குத்தானே?

இன்னொன்று. "எங்க வீட்டுல எப்பவும் ஆள் வந்துட்டே இருப்பாங்க" என்று பெருமை பேசுவது அப்பா. ராத்திரி 11 மணிக்கு மறுபடி தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவது அம்மா. பெட்ஷீட் துவைப்பதும் அம்மாதான். விருந்தாளியைக் கூப்பிடுகிறவர் ஒரு காபியாவது போடக் கற்றுக்கொள்ளட்டும். அதுதான் முதல் விதி.

சரி, குறை மட்டும் சொன்னால் போதுமா? வருகிறவர் நிம்மதியாக இருக்க வேண்டியவை இவ்வளவுதான்:

1. உள்ளே தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் கதவு. முக்கியமாகப் பெண்களுக்கு.
2. சட்டை மாட்ட ஒரு கொக்கி, பை வைக்கக் காலியாக ஒரு தட்டு.
3. படுத்தபடி எட்டும் ஸ்விட்ச், சார்ஜ் போட ஒரு பிளக்.
4. ஒரு சொம்புத் தண்ணீர், கொசுவுக்கு ஏதாவது.
5. கீசர் எது, எக்ஸாஸ்ட் ஃபேன் எது, வைஃபை பாஸ்வேர்ட் என்ன என்பதைக் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுவது.
6. பாத்ரூமுக்குப் போகும் வழியில் ராத்திரி எரியும் சின்ன விளக்கு.

இதில் எதற்கும் 6 லட்சம் ஆகாது. தனி அறையும் தேவையில்லை. தனி அறை இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 355 நாள் பாட்டி அதில் படுக்கட்டும், பரீட்சைக்குத் தங்கச்சி அதில் படிக்கட்டும். ஆள் புழங்கும் அறையில்தான் ஃபேன் ஓடும், தலையணையில் பூஞ்சை வாசம் வராது. விருந்தாளி வந்தால் பாட்டி தன் அறையில் அவருக்கும் இடம் கொடுப்பார். வந்தவர் ஆணாக இருந்தால் வீட்டில் இருக்கும் இளசுகள் ஹாலுக்கு மாறிக்கொள்ளலாம். நமக்கு முட்டி வலி இல்லையே.

வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே "எப்போ கிளம்பறீங்க?" என்று கேட்கிற வீட்டில் எத்தனை பெட்ரூம் இருந்து என்ன பிரயோஜனம்?