அம்மன் கல்லை யார் தூக்கிப் போட்டது?

நம் வயதுக்காரர்களுக்கு எகிப்து நன்றாகத் தெரியும். அங்க் சின்னத்தைக் கையில் பச்சை குத்திக்கொண்ட நண்பர்கள் எனக்கே மூன்று பேர் இருக்கிறார்கள். செக்மெத் யார் என்று கேட்டால் மடமடவென்று சொல்வார்கள். பெண்சிங்க முகம், தலையில் சூரிய வட்டு, அதில் படமெடுத்த நாகம், கையில் பாப்பிரஸ் தண்டு. கொள்ளைநோயை அனுப்புகிறவளும் அவள்தான், தீர்க்கிறவளும் அவள்தான். அவளுடைய பூசாரிகள் வைத்தியமும் பார்த்தார்கள். மனிதர்களைக் கொன்று தீர்க்கப் புறப்பட்டவளை நிறுத்த, செங்காவி கலந்த பியரை வயலெல்லாம் ஊற்றி வைத்தார்களாம். ரத்தம் என்று நினைத்துக் குடித்தவள் போதையில் சாந்தமாகிவிட்டாள்.

இதைச் சொல்லி வியக்கிறவர்கள், நோய் தரும் சூடான தெய்வத்தையும் அவளைத் தணிக்க ஊற்றும் பானத்தையும் புக்கிட் ரோத்தானிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ பார்த்ததே இல்லையா? மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது வேறென்னவாம்? எகிப்துக்காரி என்றால் தொன்மம், நம்ம ஆத்தா என்றால் மூடநம்பிக்கை. செக்மெத்துக்கு மியூசியத்தில் விளக்க அட்டை இருக்கிறது, இவளுக்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அட்டை எழுத வேண்டியது யார் என்பதுதான் என் சண்டை. 1917இல் கோல சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் கோன்கூர் பரிசு கிடைத்தது. துரைக்குப் புத்தகம் உண்டு, பரிசு உண்டு. காட்டை வெட்டி, மலேரியாவிலும் பேதியிலும் செத்தவர்களுக்குச் செக்ரோலில் ஒரு பெயர் இருந்திருக்கும், அதுவும் கிராணி எழுதினது. அவர்களே தங்களைப் பற்றி எழுதி வைத்தது என்று ஏதாவது உண்டா என்றால், மரத்தடியில் நட்ட அந்தக் கல்தான். சூலம், கரகச் செம்பு, வேப்பிலை, மஞ்சள்.

வேப்பிலையை எடுத்துக்கொள்வோம். அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை சொருகினால் லயத்தில் ஒருத்தரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். அந்த வீட்டில் தாளிப்புக் கிடையாது. தலைக்குத் தண்ணி ஊத்தின பிறகுதான் பிள்ளை வெளியே வரும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு லயத்துக்கே புரியும்படி போட்ட தனிமைப்படுத்தல் பலகை அது. நான் வேலை செய்யும் ஆலையில் அபாயக் குறிகளுக்கு ஒரு தனிக் கையேடே இருக்கிறது, இருந்தும் பாதிப் பேர் அதைப் பார்ப்பதில்லை. பெரியம்மை ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்துவிட்டது. அதற்காக அந்தக் குறி சொல்லும் வரலாறும் ஒழிந்ததா?

கரகமும் அப்படித்தான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, ஒவ்வொரு வீட்டுக்காரியும் காலில் மஞ்சள் தண்ணி ஊத்தி, கடைசி லயம் வரை போகும். யார் வீடு எங்கே இருந்தது என்பதற்குத் தோட்டத்து மக்கள் தாங்களே வைத்திருந்த செக்ரோல் அது. லயத்தை இடித்து, ஆட்கள் ஈஜோக்கும் புஞ்சாக் ஆலமும் கிள்ளானுமாகச் சிதறிய பிறகும், பழைய வீடிருந்த இடத்தில் கரகம் ஒரு நிமிஷம் நின்று போவதை நான் பார்த்திருக்கிறேன். செம்பனைக்கு முன்னால்!

இப்போது நம் தலைவர்கள் செய்வதைப் பாருங்கள். திருப்பணி என்று ஆரம்பிப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து கருங்கல் சிலை வரும், ஸ்தபதி வருவார், வண்ணம் வரும். மூலக் கல் எங்கே அண்ணே என்று ஒரு கோயிலில் கேட்டேன். பின்பக்கம் குழாயடியில் கிடந்தது, மேலே வாளி கவிழ்த்திருந்தார்கள். “அது சும்மா கல்லுப்பா, ஆகம முறைக்கு ஒத்து வராது.” கேட்டால் முறைப்படுத்துகிறோம் என்கிறார்கள். (ஆடு வெட்டுவதை நிறுத்தியதில் எனக்குப் புகார் இல்லை, அது வேறு விவாதம்.)

ஒழுங்கான கோயிலாக இருந்தால்தான் உடைக்க மாட்டார்கள் என்பது அவர்கள் பதில். பயம் நியாயமானது, மருந்துதான் தப்பு. 2007 அக்டோபரில் பாடாங் ஜாவா மாரியம்மன் கோயில் உடைபட்டதும், 2018 நவம்பரில் சீபீல்ட் கோயிலில் கலவரம் வந்ததும் சிலை ஆகமப்படி இல்லை என்பதாலா? பிரச்சினை நிலம். கோபுரத்துக்குப் பணம் திரட்டுகிற செயலவையில் எத்தனை பேர் நிலப்பட்டா எங்கே என்று பொதுக்கூட்டத்தில் வாய் திறந்திருக்கிறார்கள்?

புதுச் சிலை வையுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. பழைய கல்லை அதன் காலடியிலேயே வையுங்கள். வாசலில் பளிங்குப் பலகையில் 501 வெள்ளி கொடுத்தவர் பெயரெல்லாம் பொறித்திருக்கிறீர்கள். பக்கத்தில் இன்னொரு பலகைக்கு இடமிருக்கிறது. அந்தக் கல்லை யார் நட்டது, கரகம் யார் யார் தூக்கினார்கள், எந்த லயத்தில் எந்தக் குடும்பம். இதைச் சொல்லக்கூடிய பாட்டிகள் இன்னும் திருவிழாவுக்கு வருகிறார்கள், பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பச்சை குத்தின கையோடேயே போய்க் கேளுங்கள்.