எலிகன்ஸிடம் எதைக் கேட்பது?

மரபணுவின் வேலையை அறிய மண்ணில் வாழும் சி. எலிகன்ஸ் உருளைப்புழு போதாதா, ஒட்டுண்ணியின் மரபணுவில் ஏன் கைவைக்கிறார்கள் என்று கேட்கிறார், ஒட்டுண்ணிப் புழு ஆய்வைச் சாடி எழுதிய ஒரு கட்டுரையாளர். ஆய்வகத்திலிருந்து 'அசுரப் புழு' தப்பி வரும் என்ற பயமுறுத்தல் வேறு.

எலிகன்ஸின் அருமையை யார் மறுத்தார்கள்? 1998-லேயே அதன் மரபணுத் தொகுப்பு வெளியாகிவிட்டது. ஆனால் அது பாக்டீரியா தின்று பிழைக்கிற பிராணி. மனிதத் தோலைத் துளைக்கும் வித்தையை அதனிடம் எப்படிக் கற்பது?

ஸ்ட்ராங்கிலாய்டஸ் ஸ்டெர்கோராலிஸ் என்ற உருளைப்புழுவோ தோலைத் துளைத்து நுழைந்து நம் குடலில் வாழ்வது. அதற்கு உடலுக்கு வெளியே, மலம் கலந்த மண்ணில் வாழும் தலைமுறை ஒன்றும் உண்டு. அந்தத் தலைமுறைப் பெண் புழுவின் சினைப்பைக்குள், மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் கலவையை நுண்ணூசியால் செலுத்துகிறார்கள். 2017-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஆய்வாளர் எலிசா ஹாலம் குழு இப்படித்தான் அன்க்-22 மரபணுவை முடக்கியது. நிகோட்டின் கரைசலில் மற்ற லார்வாக்கள் அசைவற்றுக் கிடக்க, மரபணு முடங்கியவை துடித்தன. அடுத்த ஆண்டு டாக்ஸ்-4 மரபணுவை முடக்கினார்கள். லார்வாக்கள் வெப்பத்தை நாடிப் போகவில்லை. உடல் சூட்டை வைத்து ஆளைத் தேடும் புழுவுக்கு அந்தத் திறனே போய்விட்டது. இதுவா அசுரன்?

கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. யானைக்கால் நோய்ப் புழுவுக்கு இப்படி வெளியே வாழும் தலைமுறையே கிடையாது. கொசுவும் மனிதனும்தான் அதன் வீடுகள். அங்கே ஊசியை எங்கே குத்துவது? அந்தச் சிக்கலைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.