அண்ணனோட டீம் இந்த வருஷமும் ஜெயிக்குமாம்!

காலை 4:10. ஹாஸ்டல்ல ஒரு ரூம்லகூட லைட் எரியல. என் போன் மட்டும் தலகாணிக்கு அடியில அதிருது. எடுத்துப் பார்த்தா, அமெரிக்காவில இருக்கிற பெரியம்மா பையன்.

"டேய், மேட்ச் ஆரம்பிச்சாச்சு. இந்த வருஷம் பாரு, எங்க டீம் கண்டிப்பா பிளேஆஃப் போகும்."

அங்கே அப்போ சாயங்காலம் 6:40. அவனோட டீம் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். பேஸ்பால் டீம். அவங்க கடைசியா சாம்பியன் ஆனது 1979-ல். அப்போ எங்க அப்பாவே ஸ்கூல் பையன்.

உண்மையைச் சொல்லிடறேன். அண்ணனைக் கலாய்க்கத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். பாதியில கட்சி மாறிட்டேன். ஏன்னு படிச்சுட்டு நீங்களே சொல்லுங்க.

"இவங்க" எப்போ "எங்க" ஆச்சு?

அண்ணன் எம்.எஸ். படிக்க 2022-ல் பிட்ஸ்பர்க் போனான். முதல் ஆறு மாசம் வீட்டுக்கு போன் பண்ணா ரெண்டே டாபிக்தான். ஒண்ணு குளிர். இன்னொண்ணு, பென் ஹில்ஸ் பெருமாள் கோயில்ல கிடைச்ச புளியோதரை. அந்த ஊரைப் பத்திப் பேசினா "இங்க", "இவங்க"ன்னுதான் சொல்வான். ஏதோ லாட்ஜ்ல தங்கியிருக்கிற மாதிரி.

2023 ஏப்ரல்ல லேப்ல கூட வேலை செய்யற பையன் ஒருத்தன் அவனை பிஎன்சி பார்க் ஸ்டேடியத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கான். பேஸ்பால்னா என்னன்னே அண்ணனுக்குத் தெரியாது. டிக்கெட் மலிவு, அதனால போனான். அன்னிக்கு ராத்திரி போன் பண்ணி, "டேய், எங்க டீம் ஃபர்ஸ்ட் பிளேஸ்ல இருக்கு டா"ன்னான். எங்க டீமாம்! எட்டு மாசத்துல அவன் வாயில அந்த ஊருக்கு "எங்க"ன்னு வந்தது அதுதான் முதல் தடவை.

அவன் சொன்னது பொய் இல்லை. அந்த ஏப்ரல் முடியறப்போ பைரேட்ஸ் 20 மேட்ச் ஜெயிச்சு, 9 மேட்ச்தான் தோத்திருந்தாங்க. அவங்க டிவிஷன்ல முதலிடம்.

சீசன் முடியறப்போ? 76 வெற்றி, 86 தோல்வி.

கழிச்சுப் பாருங்க. மீதி 133 மேட்ச்ல 56 ஜெயிச்சு 77 தோத்திருக்காங்க. பேஸ்பால்ல ஒரு டீம் சீசனுக்கு 162 மேட்ச் ஆடணும். 29-ஐ 162-ஆல வகுத்தா 18 சதவீதம்கூட வராது. முதல் யூனிட் டெஸ்ட் மார்க்கை வச்சு செமஸ்டர் ரேங்க் சொல்ற கதைதான். இதை நான் அண்ணன்கிட்ட புள்ளிவிவரத்தோட விளக்கினேன். அடுத்த வருஷம், 2024-ல், முதல் 5 மேட்ச்சையும் ஜெயிச்சாங்க. மறுபடியும் போன். மறுபடியும் 76 வெற்றி, 86 தோல்வி. ஒரு நம்பர்கூட மாறல!

இருபது வருஷம்னா சும்மாவா

இந்த டீமோட வரலாறு தெரிஞ்சாதான் அந்த ஊர்க்காரங்க எந்த அளவுக்கு நம்பறாங்கன்னு புரியும்.

1992 அக்டோபர் 14. அட்லாண்டாவில ஏழாவது மேட்ச். ஜெயிச்சா உலகத் தொடர். ஒன்பதாவது இன்னிங்ஸ் கடைசிப் பாதி தொடங்கறப்போ பைரேட்ஸ் 2-0ன்னு முன்னாடி இருந்தாங்க. முடியறப்போ 3-2ன்னு தோத்துட்டாங்க. கடைசி ரன்னை சறுக்கிக்கிட்டே வந்து எடுத்தவர் சிட் பிரீம், பைரேட்ஸோட பழைய ஆட்டக்காரர். பந்தை எடுத்து எறிஞ்சவர் பேரி பாண்ட்ஸ். அந்த சீசனோட அவரும் டீமை விட்டுப் போயிட்டார்.

அதுக்கப்புறம் 1993-ல் இருந்து 2012 வரைக்கும் தொடர்ந்து 20 சீசன். ஒண்ணுலகூட தோல்வியைவிட வெற்றி அதிகம் இல்லை. 1993-ல் அந்த ஊர்ல பிறந்த ஒரு குழந்தை நடந்து, பேசி, ஸ்கூல் முடிச்சு, காலேஜ் மூணாவது வருஷம் வர்ற வரைக்கும் தன் டீம் ஜெயிச்ச சீசன் ஒண்ணைக்கூடப் பார்க்கல. எனக்கு வயசு 21. கிட்டத்தட்ட என் மொத்த வாழ்க்கை அளவுக்கு ஒரு தோல்வி!

நம்ம நாட்டுக்கும் இதுல ஒரு சின்னத் தொடர்பு உண்டு. அந்த இருபது வருஷத்துக்கு நடுவில, 2008-ல், இந்தியாவில ஒரு போட்டி வச்சு வேகமா பந்து எறியறவங்களைத் தேடினாங்க. அதுல கிடைச்ச ரிங்கு சிங், தினேஷ் படேல் ரெண்டு பேரையும் ஒப்பந்தம் பண்ணது இதே பைரேட்ஸ்தான். ரெண்டு பேரும் ஈட்டி எறியறவங்க. கையில பேஸ்பால் பிடிச்சதே இல்லை. ரெண்டு பேருமே மேஜர் லீக் வரைக்கும் போகல. ஆனா அந்தக் கதை 2014-ல் 'மில்லியன் டாலர் ஆர்ம்'னு படமாச்சு, இசை நம்ம ஏ.ஆர்.ரஹ்மான்.

அப்புறம் 2013. ஒருவழியா 94 வெற்றி. அக்டோபர் 1-ஆம் தேதி சின்சினாட்டி ரெட்ஸோட ஒரே ஒரு நாக்அவுட் மேட்ச். ஸ்டேடியம் முழுக்க கறுப்புச் சட்டை. ஒரு ஹோம் ரன் போனதும் மொத்தக் கூட்டமும் எதிரணி பிட்சர் ஜானி குவேட்டோ பேரை ராகம் போட்டு இழுத்துக் கத்துது. அவர் கையில இருந்த பந்து நழுவிக் கீழே விழுது. அடுத்த பந்துலயே ரஸ்ஸல் மார்ட்டின் இன்னொரு ஹோம் ரன்! அண்ணன் அனுப்பி இந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு கணக்கில்லை. இருபது வருஷம் சேர்த்து வச்ச கத்தல் அது.

அதுக்கு அடுத்த ரெண்டு வருஷமும் அதே மாதிரி ஒத்தை மேட்ச், அதே மைதானம். ரெண்டுலயும் ஒரு ரன்கூட எடுக்காம தோத்தாங்க. 2015-ல் 98 மேட்ச் ஜெயிச்சும் ஒரே ராத்திரியில வெளியே. 2018 ஜனவரியில கெரிட் கோல், ஆண்ட்ரூ மெக்கட்சன் ரெண்டு பேரையும் ரெண்டு நாள் இடைவெளியில வேற டீமுக்கு அனுப்பிட்டாங்க. மறுபடி முதல்ல இருந்து.

நேரம் சரியில்லையா, ஆள் சரியில்லையா?

"பாவம், அவங்க நேரம்"னு முடிச்சிடலாம். அது முழு உண்மை இல்லை.

ஐபிஎல்ல எல்லா டீமுக்கும் ஏலத்துல ஒரே அளவு பர்ஸ். மேஜர் லீக் பேஸ்பால்ல அப்படி ஒரு உச்சவரம்பு கிடையாது. 2025-ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் ஆட்டக்காரங்களுக்குக் கொடுத்த சம்பளம் 300 மில்லியன் டாலருக்கு மேல. பைரேட்ஸ் 100 மில்லியனைத் தொடவே இல்லை. சரி, சின்ன ஊர், வருமானம் கம்மி. ஆனா பெரிய டீம்களோட வருமானத்துல இருந்து ஒரு பங்கு சின்ன டீம்களுக்கு வருது. கடைசி இடத்துக்கு வந்தாலும் கீழ் டிவிஷனுக்குத் தள்ள மாட்டாங்க. மாறா, அடுத்த டிராஃப்ட்ல நல்ல இளம் ஆட்டக்காரர் கிடைக்கற வாய்ப்பு அதிகமாகும். அதாவது, செலவு பண்ணாம தோத்தாலும் ஓனருக்குப் பெரிய நஷ்டம் இல்லை.

அப்படிக் கிடைச்சவர்தான் பால் ஸ்கீன்ஸ். 2023 டிராஃப்ட்ல முதல் ஆள். 2025-ல் நேஷனல் லீக்கோட சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஒருமனதா ஜெயிச்சார். ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா அவர் கணக்குல விழுந்த ரன் 1.97. கிரிக்கெட் பாஷையில சொன்னா, அவர் பந்தை யாராலும் தொட முடியல. ஆனா அந்த வருஷம் அவரோட வெற்றி-தோல்விக் கணக்கு என்ன தெரியுமா? 10-10. அவர் ரன் கொடுக்கல, இவங்க ரன் எடுக்கல. குரூப் பிராஜெக்ட்ல ஒருத்தன் மட்டும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து கோட் எழுதின கதை. டீம் அந்த வருஷம் 71 வெற்றி, 91 தோல்வி.

"அப்போ ஏன் இன்னும் பார்க்கறான்?"

இந்தக் கேள்விக்கு என் ரூம்மேட்ஸ் ரெண்டு தீர்வு சொன்னாங்க.

ஒண்ணு: டீமை மாத்திக்கலாமே, டாட்ஜர்ஸ் இருக்காங்களே? இதை அண்ணன்கிட்ட கேட்டேன். "அது அவங்க ஊரு டா"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டான். சரி, விடுங்க.

ரெண்டாவது கொஞ்சம் கஷ்டமான கேள்வி: மேட்சுக்கே போகாம இருக்கலாமே? டிக்கெட் காசு நேரா அந்த ஓனருக்குத்தானே போகுது? ஏப்ரல்ல வர்ற இந்த நம்பிக்கையைத்தானே அவங்க வித்துக் காசாக்கறாங்க?

இதுல நியாயம் இருக்கு, மறுக்க முடியாது. ஆனா 2025 ஏப்ரல் 4-ஐ எடுத்துக்குங்க. அந்த சீசன்ல சொந்த மைதானத்துல முதல் மேட்ச். உள்ளே கூட்டம் "டீமை வித்துடு"ன்னு கோஷம் போடுது. மேலே ஒரு சின்ன விமானம் அதே வாசகத்தை பேனரா இழுத்துக்கிட்டுப் பறக்குது, ஓனர் பாப் நட்டிங் பேரோட. கத்தினவங்க யாரு? டிக்கெட் வாங்கி, டீம் ஜெர்சி போட்டு, இந்த வருஷமாவது நடக்கும்னு நம்பி வந்தவங்க. நம்பிக்கை விட்டுப்போனவன் கத்த மாட்டான். வீட்ல வேற சேனல் பார்ப்பான்.

அதே மாசம் இன்னொண்ணு நடந்துச்சு. ராபர்டோ கிளெமெண்டே, பைரேட்ஸோட மிகப் பெரிய பேர். 3,000 ஹிட் எடுத்தவர். நிகரகுவா பூகம்பத்துல பாதிக்கப்பட்டவங்களுக்கு உதவிப்பொருள் கொண்டுபோறப்போ, 1972 டிசம்பர் 31 அன்னிக்கு விமான விபத்துல இறந்துட்டார். அவர் ஜெர்சி நம்பர் 21. அந்த மைதானத்துல வலது பக்கச் சுவரோட உயரமே அவர் நினைவா 21 அடி. 2025 சீசன் தொடங்கறப்போ அந்தச் சுவர்ல இருந்த '21' சின்னத்தை எடுத்துட்டு ஒரு மதுபான விளம்பரத்தை வச்சிருந்தாங்க. ரசிகர்கள் கண்டுபிடிச்சாங்க, சண்டை போட்டாங்க. டீம் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு '21'-ஐத் திரும்ப வச்சது.

சின்ன விஷயம்தான். அதனால ஒரு மேட்ச்கூட ஜெயிச்சிட மாட்டாங்க. ஆனா ஸ்டேடியத்துப் பக்கமே போகாதவனுக்கு அந்தச் சுவர்ல என்ன காணாமப் போச்சுன்னு எப்படித் தெரியும்?

என் கருத்து இதுதான். நம்பிக்கைன்னா "ஜெயிச்சிடுவோம்"னு கணிக்கறது இல்லை. அது கணிப்புன்னா அண்ணன் எப்பவோ ஃபெயில். "இது என்னோடது, அதனால நல்லா இருக்கணும்"னு நிக்கறதுதான் நம்பிக்கை. அப்படி நிக்கறவனுக்குத்தான் கேள்வி கேக்கற உரிமையும் வருது. கேக்க வேண்டிய கடமையும் வருது. கேள்வி கேக்காம கைமட்டும் தட்டினா ஓனருக்குக் கொண்டாட்டம். நம்பாம கேள்வி மட்டும் கேட்டா அது வெறும் மீம்ஸ்.

கட்சி மாறின கதை

கலாய்க்க வந்தவன் ஏன் மாறினேன்னு சொல்லணுமில்ல?

போன செமஸ்டர்ல ஏழு கம்பெனி வந்தாங்க. ஏழுலயும் நான் வெளியே. எட்டாவதுக்கு ரெஜிஸ்டர் பண்ணவே இல்லை. கேட்டவங்ககிட்ட, "நம்ம பிராஞ்சுக்கு எல்லாம் எடுக்க மாட்டாங்க மச்சான், பிராபபிலிட்டி பாரு"ன்னு பெரிய அறிவாளி மாதிரி பேசினேன். அன்னிக்கு ராத்திரி அண்ணன்கிட்ட அவன் டீம் பத்தியும் அதே தொனியில பேசிட்டு இருந்தேன். அவன் கோபப்படல. "நான் 91 தடவை தோத்ததைப் பார்த்துட்டு மறுபடி போறேன் டா. நீ ஏழுக்கே உட்கார்ந்துட்ட"ன்னான்.

பதில் வரல. நான் கணக்கு போட்டு ஒதுங்கல, இன்னொரு தடவை வலிக்கக் கூடாதுன்னு ஒதுங்கினேன். அதுக்குப் புள்ளிவிவரத்தைத் துணைக்குக் கூப்பிட்டுக்கிட்டேன், அவ்வளவுதான்.

மறுநாள் எட்டாவதுக்குப் பேர் கொடுத்தேன். கூடவே நாலு பேர் சேர்ந்து பிளேஸ்மென்ட் ஆபீஸுக்குப் போய், எங்க பிராஞ்சுக்கு மட்டும் ஏன் மாக் இன்டர்வியூ நடத்தலைன்னு கேட்டோம். எட்டாவதும் கிடைக்கல. மாக் இன்டர்வியூ மட்டும் அடுத்த வாரத்துல இருந்து நடக்குது. ஒன்பதாவதுக்குத் தயாராகிட்டு இருக்கேன்.

உங்க வீட்லயும் இப்படி ஒருத்தர் இருப்பாங்க. எப்பவும் தோக்கற ஒரு டீம், எப்பவும் ஒரு "இந்த வருஷம் பாரு". அடுத்த தடவை அவங்க மேட்ச் பார்க்கறப்போ "இன்னுமா இதைப் பார்க்கறீங்க?"ன்னு கேக்காதீங்க. பக்கத்துல உட்கார்ந்து "ஸ்கோர் என்ன?"ன்னு கேளுங்க.

நான் நாலு மணிக்கு அலாரம் வச்சிருக்கேன்.