பிரித்துப் போட்ட கப்சாயை இரும்புக் கடைக்குத் தள்ளாதீங்க

 

இது திருவிழா அறிவிப்பு இல்லை, அன்னதானக் கணக்கும் இல்லை. கொஞ்சம் நீளமான பதிவு. ஆலயத்துக்கு வரும் குடும்பங்களில் நாங்கள் அடிக்கடி பார்க்கிற ஒரு விஷயத்தைத் தொண்டர்கள் எல்லாரும் கூடிப் பேசி, எங்கள் கருத்தாக எழுதுகிறோம்.

ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை (2007லேயே பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது, நம் வாயில்தான் இன்னும் மாறவில்லை) பக்கம் எந்தத் தாமானுக்குப் போனாலும் ஒரு வீட்டு வாசலில் பழைய ஹோண்டா சி70 ஒன்று நிற்கும். இஞ்சின் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். இஞ்சின் துண்டு துண்டாக ஒரு பிளாஸ்டிக் பாசினில் கிடக்கும். நட்டு, போல்ட்டு எல்லாம் ஒரு மைலோ டின்னில். "கியர் நிக்கலேன்னு பையன் பிரிச்சான், பூட்டத் தெரியல. இரும்புக் கடைக்காரன் வந்தா தூக்கிக் கொடுத்துடலாம்னு இருக்கேன்" என்பார் அப்பா. பையன் உள்ளே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

கொடுக்காதீங்க. பையனைத் திட்டவும் வேணாம். பிரித்தவனுக்குப் பூட்டி முடிக்க இடமும் நேரமும் கொடுங்க. இதுதான் எங்கள் கருத்து.

அந்த மோட்டார் நமக்கு யார் என்று முதலில் யோசிங்க. ஜப்பானில் ஹோண்டா கம்பெனி சூப்பர் கப் வண்டியை 1958இல் வெளியிட்டது. 2017க்குள் 10 கோடி வண்டிகள் செய்துவிட்டார்கள். நம் நாட்டுக்கு ஹோண்டாவைக் கொண்டுவந்தவர் பினாங்கு லோ பூன் சியூ. 'கப்' என்ற பேரோடு கண்டனீஸில் சின்னது என்று பொருள்படும் 'சாய்' சேர்ந்து நம் ஊரில் கப்சாய் ஆனது. விடிவதற்கு முன் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு பால் மரம் வெட்டப் போனவர்கள், பின்னாடி கேரியரில் பால் வாளி வைத்து ஸ்டோருக்குப் போனவர்கள், பிள்ளையை முன்னாடி நிற்க வைத்துத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டவர்கள், எல்லாரும் ஏறின வண்டி. இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் நம்ம பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் போடப்பட்டது என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தச் செம்பனைக் காட்டு மண் ரோட்டில் வெட்டுக்காரர்களைப் பிற்காலத்தில் சுமந்தது இந்த மூணு கியர் வண்டி.

இதில் கைக் கிளட்ச் கிடையாது. சோபா நூடுல்ஸ் கொண்டுபோகிற பையன் ஒரு கையில் தட்டை வைத்துக்கொண்டே ஓட்ட முடியணும், அதுதான் ஹோண்டாவின் எண்ணம் என்று சொல்வார்கள். காலால் கியரை மிதிக்கும்போது ஒரே தண்டுதான் இரண்டு வேலை செய்கிறது. முதலில் கிளட்ச்சை விடுவிக்கும், அடுத்ததா உள்ளே இருக்கிற கியர் டிரம்மைத் திருப்பும். டிரம்மில் வெட்டியிருக்கிற பள்ளத்தில் ஒரு பின் ஓடும். பின்னோடு சேர்ந்து ஃபோர்க் நகரும். ஃபோர்க் கியரைத் தள்ளும். கியரின் பக்கவாட்டில் இருக்கிற பல் (மெக்கானிக்குகள் 'டாக்' என்பார்கள்) அடுத்த கியரின் பள்ளத்தில் போய்க் கவ்வும். இவ்வளவுதான் சூட்சுமம். சரியாக உட்கார்ந்தால் தாத்தா காலத்திலிருந்து பேரன் காலம் வரைக்கும் ஓடும். ஒரு வாஷர் விட்டுப்போனாலும் கியர் பக்கவாட்டில் ஆடி, கவ்வ வேண்டிய அளவுக்குக் கவ்வாது.

இங்கேதான் பயம். கோலசிலாங்கூர் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரியை முந்தும்போது மூன்றாம் கியர் தானாக விடுபட்டால் என்ன ஆகும்? இஞ்சின் மட்டும் அலறும், வண்டி முன்னே போகாது. ஃபோர்க்கைத் தப்பாகப் பூட்டியிருந்தால் கியர் இறுகி, பின் சக்கரமே நின்றுபோகலாம். அதனால்தான் 'எப்படியாவது பூட்டு' என்று பையனை விரட்டுகிற அப்பாக்களைப் பார்த்தால் எங்களுக்குக் கோபம் வருகிறது. ஆயுத பூஜைக்குள் ஓடணும், கோயிலில் எலுமிச்சம்பழம் நசுக்கணும் என்று ரெண்டு வாரம் கெடு வைப்பது கியர் பெட்டிக்கு ஆகாது. வண்டி அடுத்த வருஷப் பூஜைக்கு வந்தால் போதும்.

சரி, வேலைக்கு வருவோம்.

கியர் நிற்கவில்லை என்றதும் இஞ்சினைப் பிளக்காதீங்க. வெளியிலேயே பார்க்க வேண்டியது நிறைய இருக்கு. மிதிக்கிற கியர் பெடலின் உள்பல் தேய்ந்து தண்டு மேல் வழுக்குதா? கிளட்ச் சரியாக வைக்கப்பட்டிருக்கா? வலது பக்க மூடியில் ஒரு நட்டும் நடுவில் ஒரு ஸ்க்ரூவும் இருக்கும். நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை வலப்பக்கம் ஒரு சுற்று சுற்றி, பிறகு மெதுவாக இடப்பக்கம் கொண்டுவந்தால் ஓரிடத்தில் தடுக்கும். அங்கிருந்து வலப்பக்கம் எட்டில் ஒரு பங்கு திருப்பி நட்டை இறுக்கணும். ஐந்து நிமிஷ வேலை. இதற்கும் சரியாகவில்லை என்றால் வலது மூடியைக் கழட்டி, டிரம்மைப் பிடித்து நிறுத்துகிற ஸ்டாப்பரின் ஸ்ப்ரிங் உடைந்திருக்கா, தளர்ந்திருக்கா என்று பாருங்க. முக்கால்வாசிப் பேர் இதைப் பார்க்காமலேயே நேராக நெஞ்சைப் பிளந்துவிடுகிறார்கள்.

பிளந்தே ஆகணும் என்றால் ஒன்று தெரிஞ்சுக்கணும். இந்த வண்டியில் கியர் பெட்டி தனியாக இல்லை. இஞ்சின் ஓடும் அதே எண்ணெயில்தான் கியரும் கிளட்ச்சும் ஓடுது. பெட்டி நடுவில் இடது வலதாகப் பிளக்கும். அதற்கு முன் ஹெட், பிளாக், பிஸ்டன், கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் இறங்கணும். ஊரில் புல்லட் வைத்திருக்கிற சித்தப்பா வாட்ஸ்அப்பில், "மூடியைத் திறந்தா கியர் வந்துடும்டா" என்று சொன்னால் அவரை நம்பிப் பயனில்லை. அவர் பொய் சொல்லவில்லை. 1955இலிருந்து மெட்ராஸில் செய்த பழைய புல்லட்டில் கியர் பெட்டி இஞ்சினுக்குப் பின்னால் தனியாகப் பூட்டியிருக்கும். அது வேற சாமி, இது வேற சாமி.

கருவியில் கஞ்சத்தனம் வேணாம். கிளட்ச் நட்டுக்கும் ஃப்ளைவீலுக்கும் தனித்தனிக் கருவி உண்டு. உளியும் சுத்தியலும் வைத்து அடித்தால் அன்றைக்கு நட்டு கழலும், மறுநாள் பூட்ட முடியாது. மூடி ஸ்க்ரூ தலையில் இருக்கிற கூட்டல் குறி ஜப்பான் அளவு. சாதாரணத் திருப்புளி அதில் முழுசாக உட்காராது, தலையைச் சிதைத்துவிடும். பெட்டியைப் பிரிக்க ரப்பர் சுத்தியலால் தட்டுங்க, திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்பாதீங்க. அங்கே ஒரு கீறல் விழுந்தால் எத்தனை பேக்கிங் போட்டாலும் எண்ணெய் கசியும்.

மைலோ டின்னை மறந்துடுங்க. முட்டை அட்டையை எடுங்க. கழற்றுகிற வரிசையில் ஒவ்வொரு குழியிலும் ஒன்று, குழிக்கு நம்பர். தண்டிலிருந்து கியரை எடுக்கும்போது வாஷர், சர்க்ளிப், கியர் எல்லாவற்றையும் அதே வரிசையில், எந்த முகம் எந்தப் பக்கம் பார்த்தது என்பது மாறாமல், ஒரு கம்பியில் கோத்து வைங்க. மாலை கட்டுகிற அம்மாக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் கணிப்பில் இந்த வேலைக்குப் பையன்களைவிட அவங்க கைதான் பொருத்தம். ஒவ்வொரு படிக்கும் போனில் படம் எடுக்கணும். சர்க்ளிப்பின் ஒரு விளிம்பு கூர்மையாகவும் மறு விளிம்பு மழுங்கலாகவும் இருக்கும். எது எந்தப் பக்கம் என்பதைப் படமும் கம்பெனிக் கையேடும் சொல்லட்டும், நினைவை நம்ப வேணாம். கழற்றின சர்க்ளிப்பைத் திரும்பப் போடாதீங்க, புதுசு வாங்குங்க.

கழுவ பெட்ரோல் வேணாம். மண்ணெண்ணெயோ டீசலோ போதும், அதுவும் சாமி விளக்கு எரிகிற இடத்துக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. கழிவு எண்ணெயை டப்பாவில் பிடித்து எண்ணெய் மாற்றும் பட்டறையில் கொடுங்க. வீட்டு வாசல் சாக்கடை கடைசியில் ஆற்றுக்குத்தான் போகும். கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க வெளிநாட்டுக்காரன் படகில் போகிற சிலாங்கூர் ஆறு அது.

கழுவினதும் டாக் பற்களைப் பாருங்க. மூலை கூர்மையாக இருந்தால் நல்லது, உருண்டிருந்தால் அந்தக் கியர் போச்சு. ஃபோர்க்கின் நுனி தேய்ந்தோ, சூட்டில் நீலம் பாய்ந்தோ இருந்தால் அதுவும் போச்சு. ஆயில் சீல், பேக்கிங் எல்லாம் புதுசு.

திரும்பப் பூட்டும்போது பெட்டியை மூடுவதற்கு முன் ஒரு சோதனை இருக்கு, இதை மட்டும் யாரும் தவிர்க்கக் கூடாது. தண்டுகளையும் டிரம்மையும் ஒரு பாதியில் உட்கார வைத்து, ஒரு கையால் தண்டைச் சுற்றிக்கொண்டே மறு கையால் டிரம்மைத் திருப்புங்க. நியூட்ரல், ஒன்று, இரண்டு, மூன்று, திரும்ப நியூட்ரல். தண்டு சுற்றாமல் நின்றால் கியர் விழாது, அது கோளாறு இல்லை. சுற்றும்போதும் விழவில்லை என்றால் முதலிலிருந்து பிரிங்க. இந்த இடத்தில் பையன் எரிச்சலில் எழுந்து போவான். போகட்டும். டீ போட்டுக் கொடுங்க. ராத்திரியில் திரும்ப உட்காருவான்.

சிலர் கேட்கிறாங்க, "எதுக்கு இந்தக் கஷ்டம், 110 சிசி இஞ்சின் ஒன்னு வாங்கி மாட்டிட்டா?" மாட்டலாம். ஆனால் கிராண்டில் இருக்கிற இஞ்சின் நம்பர் பழைய பெட்டியில்தான் பொறித்திருக்கு. இஞ்சின் மாறினால் ஜே.பி.ஜே. அனுமதி, சோதனை எல்லாம் முடித்துக் கிராண்டையும் திருத்தணும். அதைச் செய்யாமல் ஓட்டினால் ரோட் பிளாக்கில் மாட்டுவது பையன்தான், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான். அப்பா வேர்வையில் வாங்கின நம்பர் அது. அந்தப் பெட்டியைக் காப்பாற்றுவது சட்டத்துக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது.

இன்னொரு பேச்சும் வருது, அதை நாங்க ஏற்கவே மாட்டோம். கையில் கிரீஸ் இருந்தால் 'மாட் ரெம்பிட்' என்று முத்திரை குத்துவது. சைலன்சரை வெட்டிச் சத்தம் போடுகிறவனை நாங்களும் கண்டிக்கிறோம். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு முட்டை அட்டையை முன்னால் வைத்து உட்கார்ந்திருக்கிறவன் அந்த நேரத்தில் ரோட்டில் இல்லை என்பதை யாராவது நினைத்துப் பார்த்தோமா? எஸ்.பி.எம்.மில் சுமாராக வாங்கின பிள்ளைக்கு இது ஒரு வழியாகவும் ஆகலாம். சிஜில் கெமாஹிரான் மலேசியாவை வகுப்பில் படித்தும் வாங்கலாம், பட்டறையில் செய்த வேலை அனுபவத்தைச் சான்றுகளோடு காட்டி பி.பி.டி. முறையிலும் வாங்கலாம். ஒரு கப்சாயைப் பூட்டினதற்கே சான்றிதழ் கிடைத்துவிடாது. ஆனால் செய்ததைப் படம் பிடித்து வரிசையாக வைக்கிற பழக்கம் அங்கேயும் உதவும்.

தோட்டத்து வீட்டில் வாசல் இருந்தது, கொட்டகை இருந்தது. மலிவு விலை ஃபிளாட்டுக்கு மாறினவங்க எங்கே இஞ்சினைப் பிரிப்பாங்க? நாலாவது மாடி நடைபாதையில் எண்ணெய் சிந்தினால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், அவர் கோபமும் நியாயம்தான். சொந்தக்காரர் யாருக்காவது தரை வீடு இருந்தால் ஒரு மாதத்துக்கு ஒரு மூலையைக் கேளுங்க. தரை வீடு வைத்திருக்கிறவங்க இல்லை என்று சொல்லாதீங்க. சின்ன டவுன்களில் இன்னும் கடை திறந்து வைத்திருக்கிற வயசான சீன மெக்கானிக்குகளிடம் போய்க் கேட்கவும் வெட்கப்படாதீங்க. தவுக்கே முதலில் திட்டுவார், பிறகு கையில் வாங்கிப் பார்த்துச் சொல்லிக் கொடுப்பார். பேரிங்கை அழுத்தி ஏற்றுவது, சிதைந்த மரையைச் சரிசெய்வது எல்லாம் வீட்டில் வேணாம், அவரிடமே கொடுத்துடுங்க.

பூட்டி முடித்ததும் எண்ணெய் சுமார் 0.8 லிட்டர், மோட்டார் சைக்கிளுக்கு உரியது. காருக்கு வாங்கின மிச்சத்தை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். முதல் ஓட்டம் தோட்ட ரோட்டில், தனியாக, மெதுவாக. கொஞ்ச நாளில் அந்த எண்ணெயை மாற்றி, இரும்புத் தூள் வருதா என்று பாருங்க.

கிளட்ச் நட்டுக் கருவியும் ஃப்ளைவீல் புல்லரும் எங்களிடம் ஒவ்வொன்று இருக்கு. வேண்டியவங்க ஞாயிறு காலைப் பூஜை முடிந்ததும் செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வந்து கேளுங்க. பெயர் எழுதிக் கொடுத்துட்டு எடுத்துப் போகணும், ரெண்டு வாரத்தில் துடைத்துத் திருப்பித் தரணும்.