நீலம் கிழிந்த கொடி

டச்சுக் கொடியில் மூன்று பட்டைகள்: மேலே சிவப்பு, நடுவே வெள்ளை, அடியில் நீலம். இந்தோனேசியக் கொடியில் இரண்டுதான்: சிவப்பு, வெள்ளை. அடிப்பட்டையைக் கிழித்துவிட்டால் ஒரு நாட்டின் கொடி இன்னொரு நாட்டின் கொடியாகிவிடும். தையல்காரர்கூடத் தேவையில்லை!

1945 செப்டம்பர் 19 அன்று, ஜாவா தீவின் சுரபயா நகரில் அதுதான் நடந்தது. யமாட்டோ ஹோட்டலின் உச்சியில் சில டச்சுக்காரர்கள் தங்கள் கொடியை ஏற்றினார்கள். கூட்டம் கொதித்தது. கைகலப்பு, ரத்தம். அதற்கிடையே இளைஞர்கள் மேலே ஏறி நீலத்தை மட்டும் கிழித்தெறிந்தார்கள். மிச்சம் காற்றில் பறந்தது.

ஒரு மாதம் முன்புதான், ஆகஸ்ட் 15-ல் ஜப்பான் சரணடைந்தது. இரண்டே நாளில் சுகர்ணோவும் ஹத்தாவும் ஜகார்த்தாவில் விடுதலையை அறிவித்துவிட்டார்கள். ஆனால், போருக்கு முன் அந்தத் தீவுகளை ஆண்ட டச்சுக்காரர்களுக்கோ பழைய நாற்காலி மீண்டும் வேண்டியிருந்தது. உடனே வந்து உட்கார அவர்களிடம் போதிய படை இல்லை. முதலில் வந்தது பிரிட்டிஷ் ராணுவம். ஜப்பானியரிடம் ஆயுதங்களை வாங்குவதும், முகாம்களில் அடைபட்டிருந்த கைதிகளை மீட்பதும் அதன் வேலை.

பிரிட்டிஷ் ராணுவம் என்றால், துப்பாக்கி பிடித்து நின்றவர்கள் யார்? மராத்தா, ராஜபுத்தானா படைப்பிரிவுகளைச் சேர்ந்த நம் ஊர்ச் சிப்பாய்கள். அக்டோபர் 25-ல் பிரிகேடியர் மல்லாபி தலைமையில் 49-வது இந்தியக் காலாட்படைப் பிரிகேட் சுரபயாவில் இறங்கியது. சுமார் 4,000 பேர்.

மல்லாபி முரட்டு ஆசாமி இல்லை. உள்ளூர்த் தலைவர்களுடன் பேசி, ஒரு உடன்பாட்டுக்கும் வந்திருந்தார். அதைக் கெடுத்தது ஒரு விமானம். அக்டோபர் 27-ல் ஜகார்த்தாவிலிருந்து பறந்து வந்து, 'ஆயுதங்களை ஒப்படையுங்கள்' என்று மிரட்டும் துண்டுப் பிரசுரங்களைக் கொட்டியது. மேலிடம் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று மல்லாபி திகைத்தார். நகர மக்களோ, அவர் நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டார் என்றே நினைத்தார்கள்.

மறுநாள் சுரபயா வெடித்தது. ஜப்பானியரிடமிருந்து பறித்த துப்பாக்கிகள், அது கிடைக்காதவர்களுக்குக் கூர்சீவிய மூங்கில். சிறுசிறு குழுக்களாக நகரெங்கும் பிரிந்து நின்ற சிப்பாய்களை ஆயிரக்கணக்கானோர் சூழ்ந்தார்கள். பிரிகேட் மொத்தமாக அழியும் நிலை. ஆங்கிலேயர்களே சுகர்ணோவை விமானத்தில் அழைத்துவந்து சண்டையை நிறுத்த வேண்டியதாயிற்று. அக்டோபர் 30-ல், சண்டை நிறுத்தத்தை ஊருக்குள் சொல்லச் சென்ற மல்லாபி, செம்பாலம் அருகே தன் காருக்குள்ளேயே கொல்லப்பட்டார். சுட்டது யார் என்பதில் இன்றும் ஒருமித்த பதில் கிடையாது.

பழிவாங்க 5-வது இந்தியப் படைப்பிரிவு வந்தது. டாங்கிகள், போர்க்கப்பல்கள், விமானங்களோடு. நவம்பர் 10 காலை 6 மணிக்குள் ஆயுதங்களோடு சரணடைய வேண்டும் என்று கெடு. முடிவை ஜகார்த்தா சுரபயாவிடமே விட்டுவிட்டது. முந்தைய இரவு ஆளுநர் சூர்யோ வானொலியில் மறுப்பைச் சொன்னார். 25 வயது புங் தோமோவின் குரலும் அதே வானொலி அலைகளில் தகித்துக்கொண்டிருந்தது.

விடிந்ததும் குண்டுமழை. மூன்று வாரம் தெருத்தெருவாகச் சண்டை. நகரம் வீழ்ந்தது. இறந்த இந்தோனேசியர்களின் கணக்கு 6,000-லிருந்து 16,000 வரை ஆளுக்கு ஆள் மாறுகிறது. எதிர்ப்பக்கம் விழுந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள்.

இதே நவம்பர் 5-ல்தான் டெல்லி செங்கோட்டையில், ஆங்கிலேயரை எதிர்த்த இந்திய தேசிய ராணுவத்தினர் மீது விசாரணை தொடங்கியிருந்தது. அங்கே விடுதலைக்காகப் போராடிய இந்தியர் கூண்டில். இங்கே இன்னொரு தேசத்தின் விடுதலையை நசுக்க இந்தியர் களத்தில். நேரு பகிரங்கமாகக் கண்டித்தார். சிப்பாய்களில் சிலர் அணி மாறி இந்தோனேசியர்களோடு சேர்ந்தார்கள். மற்றவர்கள் உத்தரவுக்குக் கட்டுப்பட்டுச் சுட்டார்கள். அவர்கள்மீது கோபப்படுவது சுலபம். ஆனால், உத்தரவை மீறினால் ராணுவ நீதிமன்றம். ஊரில் சம்பளப் பணத்துக்குக் காத்திருக்கும் குடும்பம். ஜகார்த்தாவின் மெந்தெங் புலோ போர்க் கல்லறையில் இந்திய ராணுவத்தினர் பலர் உறங்குகிறார்கள்.

டச்சுக்காரர்கள் ஒருவழியாக விட்டுக்கொடுத்தது 1949 டிசம்பரில். இன்று நவம்பர் 10 இந்தோனேசியாவில் மாவீரர் நாள். யமாட்டோ ஹோட்டல் மஜபாஹித் என்ற பெயரில் இன்னமும் இருக்கிறது.

சுரபயா எரிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மழை பொய்த்து, 1946-ல் சென்னை, மைசூர் பக்கமெல்லாம் அரிசிக்குத் திண்டாட்டம். தானே முற்றுகையில் தவித்த இந்தோனேசியா, இந்தியாவுக்கு 5 லட்சம் டன் அரிசி தர முன்வந்தது. பதிலுக்கு அவர்கள் கேட்டவற்றில் முக்கியமானது துணி. சொன்ன அளவு முழுதும் வந்து சேரவில்லை. ஆனால், ஜாவா அரிசி மூட்டைகள் கப்பலேறி வந்தன.