சராசரிக்குள் அடங்காத வயிறு

2015 கோடையில் அமெரிக்கக் கடைகளில் இருந்த சீரியோஸ் என்ற ஓட்ஸ் காலை உணவின் பெட்டிகளில் ‘குளூட்டன் இல்லாதது’ என்ற சொற்கள் ஏறின. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள புரதம் குளூட்டன். சீலியாக் நோய் உள்ளவர்களின் உடலில் அது சேர்ந்தால், அவர்களது எதிர்ப்பாற்றலே சிறுகுடலின் உள்சுவரை அரித்துவிடும். மருந்து கிடையாது, உணவில் வாழ்நாள் முழுக்கப் பத்தியம் மட்டும்தான். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் தின்னும் காலை உணவை இனி தங்கள் பிள்ளையும் தின்னலாம் என்று எத்தனையோ பெற்றோர் நம்பினார்கள்.

அக்டோபர் 5 அன்று, தயாரிப்பாளரான ஜெனரல் மில்ஸ் சுமார் 18 லட்சம் பெட்டிகளைத் திரும்பப் பெற்றது. கலிபோர்னியாவின் லோடை ஆலையில் ஓட்ஸ் மாவு செல்லும் பாதையில் கோதுமை மாவு கலந்துவிட்டது. மனிதப் பிழை என்றது நிறுவனம். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டிய குளூட்டன், அரசு சோதித்த ஒரு மாதிரியில் 43 மில்லிகிராம் இருந்தது.

பிழை யாருக்கும் நேரும். கவலைப்பட வேண்டியது பிழையே நேராத நாட்களின் நடைமுறையைப் பற்றித்தான்.

ஓட்ஸில் இயல்பாகக் குளூட்டன் இல்லை. ஆனால் அது கோதுமை விளைந்த வயலில் விளைகிறது. கோதுமை ஏற்றிய லாரியிலேயே வருகிறது. கோதுமையை அண்டவிடாமல் தனி வயல், தனி வண்டி, தனிக் கிடங்கு என்று காப்பது ஒரு வழி, செலவு அதிகம். ஜெனரல் மில்ஸ் வேறு வழியைப் பிடித்தது: சாதாரண ஓட்ஸை வாங்கி, அதிலுள்ள கோதுமையையும் பார்லியையும் பருமன் பார்த்து இயந்திரத்தால் பிரித்தெடுப்பது. அதிலும் சில மணிகள் தப்பிவிடும். தப்பிய மணி எல்லாப் பெட்டிகளிலும் சமமாகப் பரவுவதில்லை. ஏதோ ஒரு பெட்டியில் போய் விழுகிறது. பல பெட்டிகளின் மாதிரியை ஒன்றாக அரைத்துச் சோதித்தால், அந்த ஒரு பெட்டியின் நஞ்சு மற்றவற்றின் சுத்தத்தில் மறைந்துவிடும். நோயாளி சாப்பிடுவது சராசரியை அல்ல, தன் கையிலுள்ள பெட்டியைத்தான்.

நம் சமையலறையிலும் இதுபோல ஒன்று உண்டு. அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லியில் குளூட்டன் இல்லை. ஆனால் சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சீலியாக் உள்ளவர் அந்தச் சிறு டப்பாவின் பின்பக்கத்தையும் படித்தாக வேண்டும்.

கனடாவில் சீலியாக் சங்கம் ‘குளூட்டன் இல்லாதது’ என்ற வாசகத்துக்கு எதிராகத் தொடர்ந்து குரல் கொடுத்தது. 2018 ஜனவரி முதல் அங்கே சீரியோஸ் பெட்டிகளில் அந்த வாசகம் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் நீடிக்கிறது. அதை அச்சிடும் நிறுவனம், ஓட்ஸ் எந்த முறையில் சுத்தமானது என்பதையும், தனித்தனிப் பெட்டிகளைச் சோதித்துக் கிடைத்த அளவுகளையும் வெளியிட வேண்டும். நாகரிகத்துக்காகக் கோதுமையை விட்டவருக்கு இவை தேவைப்படாமல் இருக்கலாம். சீலியாக் உள்ள குழந்தையின் தாய், கிண்ணத்தில் பால் ஊற்றும் முன் கேட்பது இவற்றைத்தான்.