எந்தக் குடும்பம் பார்த்துக்கொள்ளும்?

குழந்தைகளுக்கு வரும் டைப் 1 சர்க்கரை நோய் பற்றிய எந்தக் கையேட்டை எடுத்தாலும் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: குடும்பம். குடும்பம் ஊசி போட வேண்டும், சர்க்கரை அளவைக் குறித்துவைக்க வேண்டும், உணவை அளந்து கொடுக்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் வராவிட்டால் முதல் கேள்வியும் குடும்பத்தை நோக்கித்தான் வரும். "ஏம்மா, ஒழுங்கா ஊசி போடுறியா இல்லையா?" அந்த 'போடுறியா' யாருக்கு வரும், 'போடுறீங்களா' யாருக்கு வரும் என்பது நமக்குத் தெரியும்.

இந்த நோய் மிட்டாய் தின்றதால் வருவதல்ல, முன்வினைப் பயனும் அல்ல. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. அதன்பின் அந்தக் குழந்தைக்கு ஆயுள் முழுக்க வெளியிலிருந்து இன்சுலின் வேண்டும், பெரும்பாலும் நாளுக்கு 3, 4 ஊசி. கசாயமோ மந்திரித்த கயிறோ அதற்கு மாற்று ஆகாது. ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

1922 ஜனவரியில் டொரன்டோவில் முதன்முதலாக இன்சுலின் சிகிச்சை பெற்றவன் 14 வயதுச் சிறுவன். கண்டுபிடித்தவர்கள் அடுத்த ஆண்டே காப்புரிமையைத் தலா ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். எல்லோருக்கும் மருந்து கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் இன்று இன்சுலின் இலவசம். அது சாதாரண விஷயமல்ல. ஆனால் இன்சுலின் மட்டுமே சிகிச்சை ஆகிவிடாது.

எவ்வளவு ஊசி போடுவது என்று முடிவுசெய்ய ஒவ்வொரு வேளையும் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். அதற்கான ஸ்ட்ரிப்பைப் பெரும்பாலும் வெளியில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. ஒன்று 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 4 முறை பார்த்தால் மாதம் 2,400 ரூபாய். கூலி வேலை செய்யும் தாய் நாளுக்கு ஒருமுறை மட்டும் பார்த்தால் அது அலட்சியமா?

பிரிக்காத இன்சுலின் குப்பியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், சித்திரை வெயிலில், தகரக் கூரைக்கடியில் எங்கே வைப்பது? மண்பானைக்குள் பானை வைத்து, நடுவில் ஈர மணல் போட்டுக் காப்பாற்றுகிறவர்கள் உண்டு. குப்பி 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு அளவில் வருகிறது. இரண்டுக்கும் சிரிஞ்சு வேறு. மாற்றிப் போட்டால் மருந்து இரண்டரை மடங்கு கூடிவிடும், அல்லது அந்த அளவுக்குக் குறைந்துவிடும். குப்பியில் இருப்பதோ ஆங்கிலம். இதையெல்லாம் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட ஒரு பெண் கற்றுக்கொண்டு தினமும் செய்கிறாள். அவளைத்தான் நாம் 'குடும்பம்' என்ற பொதுச்சொல்லால் மறைக்கிறோம்.

அவள் கையில் கொடுக்கப்படும் உணவு அட்டவணையைப் பாருங்கள். ஓட்ஸ், பாதாம், பனீர். ரேஷன் அரிசியில் சமைக்கும் வீட்டுக்கு எழுதப்பட்டதல்ல அது. மாட்டுக்கறியில் மாவுச்சத்து கிடையாது. கருவாட்டிலும் கிடையாது. மலிவாகக் கிடைக்கும் நல்ல புரதம் இவை. இருந்தும் அட்டவணையில் இவற்றுக்கு இடமில்லை, ஏனென்றால் அதை எழுதுகிறவரின் மனதில் இருப்பது வேறொரு சாதியின் சமையலறை.

"நோயில் சாதி எங்கே வந்தது?" என்று கேட்பார்கள். நோய் சாதி பார்த்து வருவதில்லை. ஆனால் நிலம், படிப்பு, கூரை, மாதச் சம்பளம் எல்லாம் சாதி பார்த்தே பங்கிடப்பட்ட ஊரில், 'வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்' என்னும் சிகிச்சை மட்டும் எப்படிச் சமமாக நடக்கும்? அண்ணல் அம்பேத்கரும் சர்க்கரை நோயாளிதான். அவரைக் கவனித்துக்கொண்ட சவிதா அம்பேத்கர் ஒரு மருத்துவர். அப்படியிருந்தும் அந்த நோய் அவரை வாட்டி எடுத்தது.

வளரிளம் பருவத்தில் சிக்கல் கூடுகிறது. ஹார்மோன் மாற்றத்தால் இன்சுலின் தேவை ஏறுகிறது. அதே வயதில்தான் கூச்சமும் வருகிறது. பெண் குழந்தை என்றால், "வெளியே தெரிந்தால் யார் கட்டுவார்கள்?" என்று ஊசியை ஒளித்துவைக்கச் சொல்கிறார்கள். உறவினர் வீட்டில் ஒரு வேளை ஊசியே தவறிப்போகிறது. அகமணமே சாதியின் அடித்தளம் என்று 1916-லேயே அம்பேத்கர் காட்டினார். சொந்தச் சாதிக்குள் 'குறையில்லாத' பெண்ணைத் தேடும் அந்தச் சந்தைதான் இந்தச் சிறுமியின் ஊசியையும் ஒளிக்க வைக்கிறது.

பள்ளியிலும் பிள்ளைகள் கழிவறைக்குள் போய் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். வியர்த்து, கை நடுங்கி, சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்க வேண்டும். இதை ஓர் ஆசிரியருக்குச் சொல்லித்தர எவ்வளவு நேரம் ஆகும்?

செய்ய முடியாத காரியமல்ல இது. கேரள அரசு 'மிட்டாயி' என்ற திட்டத்தில் டைப் 1 குழந்தைகளுக்கு இன்சுலின் பேனா முதல் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் கருவி வரை இலவசமாகத் தருகிறது. வகுப்பறையிலேயே சர்க்கரை பார்க்கவும், ஊசி போடவும், இடையில் சாப்பிடவும் அனுமதிக்கச் சொல்லி உத்தரப் பிரதேச அரசுகூட 2023-ல் பள்ளிகளுக்கு உத்தரவிட்டது. காலை உணவையும் மதிய உணவையும் பள்ளிக்குக் கொண்டுவந்த தமிழ்நாடு, வீடு தேடி மருந்து தரும் தமிழ்நாடு, இதைச் செய்யாமலிருக்கக் காரணமே இல்லை.

ஒவ்வொரு குழந்தைக்கும் தேவையான ஸ்ட்ரிப் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாக வேண்டும். தமிழில், நம் தட்டில் இருக்கும் சோற்றையும் கறியையும் கணக்கில் எடுத்த உணவு அட்டவணை வேண்டும். பள்ளிதோறும் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர் வேண்டும். மருத்துவமனைக்கு வரும் நாளுக்குத் தாய்க்குக் கூலி இழப்பீடு வேண்டும். உங்கள் தெருவில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் முதலில் அந்தத் தாயிடம் என்ன தேவை என்று கேளுங்கள் தோழர்களே. பிறகு அவரையும் அழைத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர் நாளுக்கு மனுவோடு போங்கள்.